கடைசல் மரத்தில் துளை: வாய் பெயராமல், உள்ளே கருகாமல்

கேள்வி – 6 ஜனவரி 2024 (மன்னார்குடிப் பக்கத்து வாசகர்)

அண்ணே, சின்ன மர லேத் வாங்கி எட்டு மாதம் ஆகிறது. பூவரசங்கட்டையில் ஊதுவத்தி ஸ்டாண்டும் மேசை விளக்குத் தண்டும் கடைகிறேன். உருவம் நன்றாகவே வருகிறது. துளை போடும்போதுதான் கெட்டுப்போகிறது. வாய் ஓரத்தில் சிலாம்பு பெயர்கிறது, உள்சுவர் சொரசொரவென்று இருக்கிறது, சில நேரம் புகையே வருகிறது. விலை கூடிய பிட் வாங்கினால்தான் தீருமா?

7 ஜனவரி 2024

பிட் இப்போதைக்கு வாங்க வேண்டாம். முதலில் ஒன்று சொல்லுங்கள் தம்பி: கடைந்து முடித்து, உப்புத்தாள் போட்டு, மெழுகும் தேய்த்த பிறகா துளை போடுகிறீர்கள்? கேள்வியைப் படித்தால் அப்படித்தான் தெரிகிறது. அதை மாற்றுங்கள். துளை முதலில், உருவம் அப்புறம்.

கட்டை இன்னும் தடிமனாக, சுற்றிலும் நாலைந்து மி.மீ. கூடுதலாக இருக்கும்போதே துளையைப் போட்டுவிடுங்கள். வாயைச் சுற்றிப் பெயரும் சிலாம்பெல்லாம் அந்தக் கூடுதல் மரத்தில்தான் இருக்கும். பிறகு உளி வைத்து முகத்தைச் சீவும்போது அது தானாகப் போய்விடும். இன்னொரு லாபமும் உண்டு. துளை கொஞ்சம் நடுவிலிருந்து விலகிப் போயிருந்தாலும் கவலை இல்லை. துளையின் வாயிலேயே கூம்பு சென்டரை, அதாவது கட்டையின் முனையைத் தாங்கும் கூர்முனையை, கொடுத்துப் பிடித்து, வெளிப்பக்கத்தைத் துளைக்கு ஏற்றபடி கடைந்துவிடலாம். உருவத்துக்குள் துளையைத் தேடிப் போடுவது கஷ்டம். துளையைச் சுற்றி உருவத்தை எடுப்பது சுலபம்.

சிலாம்பு ஏன் பெயர்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஹார்டுவேர் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ட்விஸ்ட் ட்ரில் இரும்புக்காகச் செய்தது. அதன் முனை 118 டிகிரிக் கூம்பு. நடுமுனை முதலில் இறங்கும், வெட்டும் உதட்டின் ஓரம் கடைசியாகத்தான் மரத்தைத் தொடும். அதற்குள் நடுவில் இருக்கும் உதடு நாரைத் தூக்க ஆரம்பித்திருக்கும். ஓரத்தில் நார் இன்னும் அறுபடவில்லை, ஆனால் இழுக்கப்படுகிறது. அது துளையோடு நிற்குமா? பக்கத்து மரத்தையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டுதான் வரும். வாழை இலையைக் கையால் கிழிப்பதற்கும் கத்தியால் அறுப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். பிராட் பாயிண்ட் பிட்டில் ஓரத்தில் இரண்டு காது இருக்கும். அவை முதலில் வட்டத்தை அறுத்துவிட்டு, அப்புறம் உள்ளே இருப்பதைச் சீவும்.

நான் 26 வருடம் கோவையில் இரும்பு லேத் ஓட்டியவன். மரத்துக்கு வந்தபோது இரும்புப் பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்தேன். அதை விட ஒரு வருடம் ஆனது.

7 ஜனவரி 2024, இரவு

மறுபக்கத்தைச் சொல்ல விட்டுப்போயிற்று. பிட் வெளியே வரும் பக்கம்தான் நுழையும் பக்கத்தைவிட மோசமாகப் பெயரும், ஏனென்றால் கடைசி ஒரு மி.மீ. நாருக்குப் பின்னால் தாங்க எதுவும் இல்லை. ட்ரில்லிங் மெஷினில் போடுகிறவர்கள் அடியில் ஒரு கழிவுப் பலகையை இறுக்கிக் கட்டினால் போதும். லேத்தில் போடுகிறவர்களுக்கு வேறு வழி: கட்டையை வேண்டியதைவிட 10 மி.மீ. நீளமாக எடுத்துக்கொள்ளுங்கள். பிட்டை மறுபக்கம் வெளியே வர விடவே விடாதீர்கள். வேண்டிய நீளத்தைத் தாண்டி நாலைந்து மி.மீ. உள்ளே போனதும் நிறுத்துங்கள். பிறகு அந்தக் கூடுதல் துண்டைப் பார்ட்டிங் உளியால் அறுத்து எடுத்தால் துளை தானாகத் திறக்கும். துளையின் அந்த வாயைத் திறந்தது உளி, பிட் இல்லை. அதனால் சுத்தமாக இருக்கும்.

9 ஜனவரி 2024

இரண்டு நாள் முன்பு பிராட் பாயிண்ட் பிட்டைத் தூக்கிப் பேசினேன். அதில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

நேற்று பழைய பூவரசு ஒன்றை எடுத்து இரண்டு பிட்டையும் வைத்துப் பார்த்தேன். நாருக்குக் குறுக்கே, அதாவது ஊதுவத்தி ஸ்டாண்டின் தட்டையில் போடும்போது, பிராட் பாயிண்ட் சந்தேகமில்லாமல் மேல். விளக்குத் தண்டு அப்படி இல்லை. அதில் துளை நாரோடு சேர்ந்து நீளவாக்கில் இறங்குகிறது. அங்கே காதுக்கு அறுக்க நாரே இல்லை. தென்னை ஈர்க்குக் கட்டின் நுனியில் கத்தியைக் குத்துவது போல, நாரின் இடையில் சும்மா உரசிக்கொண்டு சுற்றும். உரசினால் சூடுதான் மிச்சம். போதாததற்கு அந்தக் கூர்முனை மரத்தின் மெத்தென்ற ரேகையைப் பார்த்து அந்தப் பக்கமாக நழுவுகிறது. நீளவாக்கில் போடுவதற்குச் சாதாரண ட்விஸ்ட் ட்ரில்லே போதும். தீட்டியது என்றால் போதும் என்பதைவிட நல்லது என்றே சொல்வேன். அதன் உடம்பைச் சுற்றி ஓடும் வாய்க்கால் அகலம், தூளை நன்றாக வெளியே தள்ளும்.

ஆக, எந்த பிட் என்று கேட்பதற்கு முன்னால் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள்.

12 ஜனவரி 2024

தம்பி பதில் எழுதியிருக்கிறார். முதலில் துளை போட்டுப் பிறகு கடைந்தாராம், வாய் சுத்தமாக வந்துவிட்டது. ஆனால் 8 மி.மீ. பிட் போட்டால் வாய் 9க்கு மேல் இருக்கிறதாம், உள்ளே போகப் போக 8 ஆகிறதாம். தாமரை மொட்டு மாதிரி என்று எழுதியிருக்கிறார். சரியான வர்ணனை.

லேத்தில் சுற்றுவது மரம், பிட் சும்மா நிற்கிறது. பிட்டின் முனை மையத்திலிருந்து அரை மி.மீ. விலகித் தொட்டால், மரம் அதை ஒரு வட்டமாக இழுத்து ஆட்டும். உள்ளே போனபின் பிட் தன் சுவரிலேயே சாய்ந்துகொண்டு அமைதியாகிவிடும். வாய் பெரிதாகி உள்ளே சரியாக இருந்தால், ஆரம்பம்தான் கோளாறு.

மூன்று இடத்தில் பார்க்க வேண்டும். ஹெட்ஸ்டாக்கில் (மரத்தைச் சுற்றும் பக்கம்) ஒரு சென்டர், டெயில்ஸ்டாக்கில் (எதிர்முனையைத் தாங்கும் பக்கம்) ஒரு சென்டர் போட்டு இரண்டு முனையையும் நெருக்கிக் கொண்டுவாருங்கள். இரண்டும் முத்தம் கொடுக்க வேண்டும். மேலிருந்தும் பக்கவாட்டிலும் குனிந்து பாருங்கள். விலகியிருந்தால் வேறு எதைச் செய்தும் பயனில்லை. அப்புறம் ட்ரில் சக் (பிட்டைக் கவ்விப் பிடிக்கும் தலை) உட்காரும் மோர்ஸ் டேப்பர், அதாவது டெயில்ஸ்டாக்கின் கூம்புத் துளை. அதற்குள் ஒரு சிட்டிகை மரத்தூள் இருந்தாலே முனை தள்ளிப்போகும். ஒரு குச்சியில் துணி சுற்றித் துடையுங்கள், சக்கின் வாலையும் துடையுங்கள். கடைசியாக பிட். கண்ணாடித் தகட்டின் மேல் உருட்டினால் வளைந்ததா என்று உடனே தெரியும்.

இதெல்லாம் சரியாக இருந்தாலும் வெறும் முகத்தில் பிட்டைக் கொண்டுபோய் வைக்காதீர்கள். சாய்வு உளியின் நீள முனையைப் படுக்கவைத்து, சுற்றும் மரத்தின் மையத்தில் ஒரு சிறு குழி எடுங்கள், அரிசி அளவு போதும். குழி மையத்தில்தான் விழும், சுற்றுவது மரம் ஆயிற்றே. இரும்புப் பட்டறையில் நாங்கள் சென்டர் ட்ரில் போடுவோம். குட்டையாக, தடித்த உடம்போடு இருக்கும், வளையாது. மரத்துக்கும் அது அருமையாக வேலை செய்கிறது. அதிக விலையும் இல்லை.

17 ஜனவரி 2024

பொங்கலுக்கு ஊர் போய்விட்டு நேற்றுதான் வந்தேன். அம்பாசமுத்திரம் என் சொந்த ஊர். மரச்செப்பு கடைகிற ஊர். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் கடைசல் பட்டறை வாசலில் நிற்போம். கடைசல் பிடிக்கிற பெரியவர் சுற்றும் கட்டையில் அரக்குக் குச்சியை அழுத்துவார். சூட்டில் அரக்கு இளகி மரத்தில் ஏறும். தாழம் ஓலையை வைத்து அழுத்தித் தேய்த்தால் பளபளவென்று ஆகிவிடும். சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று தரையெல்லாம் சுருள் கிடக்கும்.

நான் முதன்முதலில் மரத்தில் போட்ட துளை அந்த வயதில்தான். கொய்யாக்கட்டைப் பம்பரத்துக்கு ஆணி இறக்க வேண்டும். நேராக அடித்தால் கட்டை பிளந்துவிடும். ஒரு அண்ணாச்சி சொல்லிக் கொடுத்தார்: கம்பியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, ஆணியைவிடச் சன்னமான துளை ஒன்றைச் சுட்டு எடு, அப்புறம் ஆணியை இறக்கு. பிளக்கவே பிளக்காது.

அது ஏதோ விளையாட்டு வேலை என்று பல வருடம் நினைத்திருந்தேன். புல்லாங்குழல் செய்கிறவர்கள் மூங்கிலில் விரல் துளை போடுவதும் பழுக்கக் காய்ச்சிய கம்பியால்தான். மூங்கில் நாரெல்லாம் ஒரே பக்கமாக ஓடுகிறது. ட்ரில் பிட் ஒரு நாரைப் பிடித்து இழுத்தால் குழல் நெடுக விரிசல் ஓடிவிடும். கம்பி எதையும் இழுப்பதில்லை, எரித்துக்கொண்டு இறங்குகிறது. ஓரமும் கெட்டிப்படுகிறது. ஊதுவத்தி ஸ்டாண்டுக்கு இதைச் செய்து பார்க்கலாமே என்று பேருந்தில் வரும்போது தோன்றியது. செய்துவிட்டு எழுதுகிறேன்.

20 ஜனவரி 2024

செய்தேன். பாதி வெற்றி.

சாதாரண ஊதுவத்தியின் மூங்கில் குச்சி 1.3 மி.மீ. கனம்தான். அதற்கு 1.5 மி.மீ. துளை இறுக்கமாகவும் 2 மி.மீ. தாராளமாகவும் இருக்கும். இரண்டு மி.மீ. கம்பியைக் காய்ச்சிக் குத்தினேன். வாய் பெயரவே இல்லை, ஆனால் சுற்றிலும் கரி வளையம். கறுப்பு மரத்தில் தெரியாது. பூவரசின் வெள்ளைப் பாகத்தில் மை கொட்டியது மாதிரி இருக்கிறது. சூட்டால் துளையும் ஒரே அளவில் இல்லை, மூன்றில் ஒன்று தளர்ந்துவிட்டது.

பிறகு இப்படிச் செய்தேன். குத்தூசியால் புள்ளி குத்தி, அந்த இடத்தில் தண்ணீர் போல ஓடும் சூப்பர் குளூ ஒரு சொட்டு விட்டு, நன்றாகக் காயவிட்டு, 2 மி.மீ. பிட்டைச் சக்குக்குள் முடிந்தவரை உள்ளே தள்ளி, முனை 12 மி.மீ. மட்டும் வெளியே நீட்டும்படி பிடித்துப் போட்டேன். நீளமாக நீட்டினால் இந்த ஒல்லி பிட்டுகள் நாணல் போல வளையும். பசை ஊறிய நார் கண்ணாடி போல அறுபட்டது. கடைசியில் கவுண்டர்சிங்க் பிட்டைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றி வாயின் கூர்மையை எடுத்தேன். நுண்ணிய சிலாம்பு ஏதாவது மிச்சம் இருந்தாலும் அதோடு போய்விடும். ஊதுவத்தி செருகவும் இதமாக இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. சூப்பர் குளூவை மெழுகோ எண்ணெயோ போடாத மரத்தில் விட்டால் கறை நிற்கும். அந்தத் தளத்தை மறுபடி அரை மி.மீ. சீவப்போகிறீர்கள் என்றால் மட்டும் இப்படிச் செய்யுங்கள். துளை முதலில் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

21 ஜனவரி 2024

ஒரு வாசகர், 'லேத்தில் போடாமல் ட்ரில்லிங் மெஷினில் போட்டால் இத்தனை தொந்தரவு இல்லையே' என்கிறார். ஊதுவத்தி ஸ்டாண்டுக்குச் சரி. பக்கவாட்டுத் துளை எல்லாவற்றுக்கும் சரி. உருண்டைக் கட்டையை வி பிளாக்கில் படுக்கவைத்துப் போட்டால் நழுவாது. மையத்துத் துளைக்கு லேத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன். கடையும் அச்சும் துளையின் அச்சும் ஒன்றே என்பது வேறு எந்த மெஷினிலும் இலவசமாகக் கிடைக்காது.

28 ஜனவரி 2024

புகை பற்றி இன்னும் சரியாகப் பேசவில்லை. இதை நீளமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் உள்சுவர் சொரசொரப்புக்கும் புகைக்கும் ஒரே காரணம்தான்: தூள் வெளியே வர வழியில்லை.

துளை ஆழமாக ஆக பிட்டின் வாய்க்காலில் தூள் அடைத்துக்கொள்ளும். அடைத்த தூளை பிட் சுவரோடு வைத்து அரைக்கும். அது உப்புத்தாள் மாதிரி சுவரைக் கீறும், உரசிச் சூடாகும், மரம் கருகும். கருகிய சுவரில் பசையும் சரியாகப் பிடிக்காது. ஒவ்வொரு 10 மி.மீ. போனதும் பிட்டை முழுசாக வெளியே எடுத்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் வாய்க்காலைச் சுத்தம் செய்துவிட்டு மறுபடி இறக்குங்கள். ஆழம் போகப் போக 10 என்பது 5 ஆகட்டும். பொறுமையாகப் போட்ட 60 மி.மீ. துளைக்கு ஏழெட்டு நிமிடம் ஆகும். ஆகட்டும்.

வெளியே வருவதைப் பாருங்கள். சீவலாக வந்தால் பிட் அறுக்கிறது. மாவாக வந்தால் மழுங்கிவிட்டது, எடுத்துத் தீட்டுங்கள். தேக்கு கடைகிறவர்களுக்கு இது சீக்கிரம் நேரும். தேக்குக்குள் சிலிக்கா இருக்கிறது, முனையைத் தின்றுவிடும். பூவரசு அவ்வளவு கொடுமை செய்யாது. பிட்டின் முனை நீலம் பாய்ந்திருந்தால், அது சாதாரணக் கார்பன் எஃகு என்றால், பதம் போய்விட்டது என்று அர்த்தம். ஹைஸ்பீடு எஃகு அந்தச் சூட்டைத் தாங்கும், ஆனால் மரம் தாங்காதே.

வேகம்: நான் நிமிடத்துக்கு 1,200 சுற்றில் வைப்பேன்.

உள்சுவர் இன்னும் வழவழப்பாக வேண்டுமென்றால் அரை மி.மீ. சிறிய பிட்டால் முதலில் போட்டு, கடைசியில் தீட்டிய பிட்டால் ஒரே மூச்சாக மெதுவாக ஒருமுறை. அந்தக் கடைசித் தடவை சீவ வேண்டியது முடியளவு மரம்தான். உப்புத்தாள் போடுவதென்றால் குச்சியில் சுற்றிப் போடுங்கள். சுற்றும் துளைக்குள் விரலை விடவே கூடாது.

29 ஜனவரி 2024

நேற்று எழுதிய வேகத்தைத் திருத்த வேண்டும், அதுவும் உடனே. ஒருவர் 35 மி.மீ. ஃபோர்ஸ்ட்னர் பிட்டை (அகலத் துளை போடும் பிட்) 1,200 சுற்றில் போட்டு, மரம் கரியாகிவிட்டது என்று படம் அனுப்பியிருக்கிறார். தவறு என்னுடையது. பிட்டின் அளவைச் சொல்லாமல் வேகத்தை மட்டும் சொல்லியிருக்கக் கூடாது.

8 மி.மீ. துளைக்கு 1,200 சுற்று என்றால் துளையின் ஓரம் நிமிடத்துக்குச் சுமார் 30 மீட்டர் ஓடுகிறது. அதே 1,200இல் 35 மி.மீ. துளையின் ஓரம் 130 மீட்டருக்கு மேல் ஓடும். கருகாமல் என்ன செய்யும்? 35க்கு 300 சுற்று வைத்தால் மறுபடி 33 மீட்டர் ஆகிவிடும். பிட் பெருத்தால் வேகம் குறைய வேண்டும். இரும்பு லேத்தில் தினமும் போட்ட கணக்கு இது. சிறிய லேத்தில் 300 கிடைக்காது என்றால், இருப்பதிலேயே குறைந்த வேகம் தரும் கப்பியில் பெல்ட்டைப் போட்டு, அடிக்கடி பிட்டை வெளியே எடுங்கள்.

2 பிப்ரவரி 2024

ஃபோர்ஸ்ட்னர் பெயர் வந்ததால் ஒரு சுவையான விஷயம். பெஞ்சமின் ஃபோர்ஸ்ட்னர் சேலத்துக்காரர்! நம் சேலம் இல்லை, அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்துச் சேலம். துப்பாக்கி செய்யும் தொழில். 1874இல் இந்த பிட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். மற்ற பிட்டுகள் நடுமுனையைப் பிடித்துக்கொண்டு போகும். இது தன் வட்ட விளிம்பைப் பிடித்துக்கொண்டு போகும். அதனால்தான் இதன் துளைக்கு அடி தட்டையாக இருக்கிறது, ஒரு துளையை ஒட்டியே இன்னொன்றும் போடலாம், நடுவில் கணு வந்தாலும் திரும்பாது. நமது ட்விஸ்ட் ட்ரில் அதற்குப் பதினோரு வருடம் மூத்தது. ஸ்டீபன் மோர்ஸ் 1863இல் காப்புரிமை பெற்றார். டெயில்ஸ்டாக்கில் இருக்கும் மோர்ஸ் டேப்பரும் அவர் பெயரில்தான். தினமும் கையில் பிடிக்கிற பொருளுக்குப் பின்னால் ஓர் ஆள் இருந்தார் என்று தெரிந்தால் எனக்கு ஏனோ சந்தோஷமாக இருக்கிறது.

3 பிப்ரவரி 2024

சுருக்கமாக, ஆனால் தயவுசெய்து படியுங்கள். ஆழத் துளையிலிருந்து பிட்டை வெளியே இழுக்கும்போது ட்ரில் சக்கை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். மோர்ஸ் டேப்பர் உள்ளே தள்ளும் அழுத்தத்தில்தான் நிற்கிறது. வெளியே இழுத்தால் கழன்றுவிடும். பிட் மரத்தில் சிக்கிக்கொண்டு, சக்கும் சேர்ந்து மரத்தோடு சுற்றும். எனக்கு ஒருமுறை நேர்ந்தது. சக்கை இறுக்கும் சாவி மேசையிலிருந்து பறந்து ஜன்னல் கண்ணாடியில் அடித்தது. மரம் வேகமாகச் சுற்றும்போது இழுக்காதீர்கள், குறைந்த வேகத்தில் இழுங்கள். பின்னாலிருந்து நீளமான போல்ட் போட்டு இறுக்கும் வசதி உங்கள் லேத்தில் இருந்தால் அதுதான் பத்திரம்.

வேட்டி, தோளில் துண்டு, முழுக்கைச் சட்டை, கையுறை, கையில் கட்டிய கயிறு எதுவும் வேண்டாம். கோவில் கயிறாக இருந்தாலும் கழற்றி வைத்துவிட்டு வந்து வேலை செய்யுங்கள்.

11 பிப்ரவரி 2024

விளக்குத் தண்டுக்கு வருவோம். தம்பி 600 மி.மீ. உயரத்தில் நிற்கும் விளக்கு செய்ய ஆசைப்படுகிறார். ஒயர் போக நெடுக 8 மி.மீ. துளை வேண்டும். சாதாரண பிட் அவ்வளவு நீளம் இல்லை, இருந்தாலும் நேராகப் போகாது.

இதற்கென்று நீள ஆகர் (ஆழத் துளைக்கான நீள பிட்) இருக்கிறது. நடு ஓட்டையுள்ள டெயில்ஸ்டாக் சென்டர் வழியாக அதை உள்ளே செலுத்துவார்கள். ஒரு பக்கம் பாதி, கட்டையைத் திருப்பிப் போட்டு மறுபக்கம் பாதி. நானும் அப்படித்தான் ஒன்று செய்தேன். நடுவில் இரண்டும் மூன்று மி.மீ. விலகிச் சந்தித்தன. ஒயர் போயிற்று, ஆனால் அந்தப் படியில் உரசி உறை கிழிந்துவிடுமோ என்று பயந்து அந்தத் தண்டை விளக்காக்கவில்லை. இப்போது துண்டு உலர்த்தும் கம்பாக இருக்கிறது.

அப்புறம் துளையே போடாமல் துளை செய்யும் வழிக்கு மாறினேன். கட்டையை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஒவ்வொரு பாதியின் நடுவிலும் 8 மி.மீ. அகலம் 4 மி.மீ. ஆழம் வாய்க்கால் எடுத்து, பசை போட்டு மறுபடி ஒட்டிவிட்டால் நடுவில் சதுரமாக ஒரு துளை. இரண்டு முனையிலும் அதே மரத்தில் சிறு அடைப்பு செருக வேண்டும், லேத் சென்டர் குத்திப் பிடிக்க இடம் வேண்டுமே. கடைந்து முடித்தபின் அந்த அடைப்பைத் துளைத்து எடுத்துவிடலாம். வாய்க்காலில் பசை வழிந்து அடைக்காமல் இருக்க, ஒட்டும்போதே ஒரு மெழுகு பூசிய கயிற்றை உள்ளே போட்டு, பத்து நிமிடம் கழித்து இழுத்துவிடுங்கள். ஒரே கட்டையின் இரு பாதி என்பதால் ரேகை பொருந்தும், ஒட்டு தெரியாது.

இது ஏமாற்று வேலை இல்லையா என்று ஒருவர் கேட்டார். ஒயர் பத்திரமாகப் போகிறது, தண்டு நேராக நிற்கிறது. நான் இதை நல்ல வேலை என்றுதான் சொல்வேன்.

13 பிப்ரவரி 2024

நீளத் துளை என்று எழுதிக்கொண்டிருந்தபோது நாதஸ்வரம் நினைவுக்கு வந்தது. தம்பி, உங்களுக்குப் பக்கத்திலேயே நரசிங்கம்பேட்டை இருக்கிறது, கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் வழியில். அங்கே செய்யும் நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வைரம் பாய்ந்த ஆச்சா மரம், அதுவும் பழைய வீடுகளில் உத்திரமாகவும் தூணாகவும் கிடந்து பல பத்தாண்டு காய்ந்தது. அந்த இரும்பு போன்ற மரத்தில் மேலே குறுகி, கீழே போகப் போக விரியும் துளை. மேலே விரலுக்கு ஏழு, கீழே ஐந்து, ஆகப் பன்னிரண்டு பக்கத் துளைகள். உள்சுவரில் ஒரு சொரசொரப்பு இருந்தால் அது நாதத்தில் கேட்கும். நமக்கு ஒயர் போனால் போதும், அவர்களுக்கு மூச்சு போக வேண்டும். ஒரு நாள் போய்ப் பட்டறையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வாருங்கள். ஏன் பழைய உத்திரத்தைத் தேடுகிறார்கள் என்று கேளுங்கள்.

14 ஏப்ரல் 2024

அந்தக் கேள்வியைத் தம்பியிடம் சொன்ன நானே அதைச் சரியாக யோசிக்கவில்லை என்று இன்று தெரிந்தது.

ஜனவரி கடைசியில் பூவரசங்கட்டை ஒன்றில் விளக்கின் பித்தளைக் குப்பி உட்கார 28 மி.மீ. துளை போட்டிருந்தேன். கச்சிதமான துளை. குப்பி சிக்கென்று உட்கார்ந்தது. எடுத்து வைத்துவிட்டு வேறு வேலையில் மறந்துவிட்டேன். புத்தாண்டு விடுமுறையில் இன்று எடுத்துப் பார்த்தால் குப்பி நுழையவில்லை. காலிப்பர் வைத்து அளந்தேன்: ஒரு பக்கம் 27.6, அதற்குக் குறுக்கே 27.2. வட்டம் முட்டை ஆகிவிட்டது.

கட்டை காயவில்லை. வெட்டி நாலு மாதம்தான் ஆகியிருந்தது. வெளியே காய்ந்தது போல் இருந்ததைப் பார்த்து ஏமாந்தேன். மரம் காயும்போது எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்காது. ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில், மையத்திலிருந்து வெளியே போகும் திசையைவிட ஏறக்குறைய இரட்டிப்பு சுருங்கும். துளையும் மரத்தோடு சேர்ந்துதான் சுருங்கும். பழைய உத்திரத்துக்கு இந்தப் பிரச்சினையே இல்லை, சுருங்க வேண்டியதெல்லாம் நம் தாத்தா காலத்திலேயே சுருங்கி முடிந்துவிட்டது.

ஆகவே 'துளை முதலில், உருவம் அப்புறம்' என்று 7 ஜனவரியில் எழுதியதோடு இதைச் சேர்த்துப் படியுங்கள். கட்டை பச்சையாக இருந்தால் முதலில் சிறிய துளை. 28 வேண்டுமென்றால் 16 போதும். வெளிப்பக்கத்தையும் தடிமனாக, ஒப்பேற்றிக் கடைந்து வையுங்கள். நடுவில் ஓட்டை இருப்பதால் காற்று உள்ளேயும் போகும், மரத்தின் நட்டநடுப் பாகமும் போய்விடுவதால் வெடிப்பதும் குறையும். இரண்டு முனையிலும் மெழுகு பூசி நிழலில் வையுங்கள். எத்தனை மாதம் என்று நாள் கணக்கு வேண்டாம். வாரம் ஒருமுறை தராசில் போட்டு, எடையை அந்தக் கட்டையிலேயே பென்சிலால் எழுதுங்கள். மூன்று வாரம் எடை மாறாமல் நின்றால் காய்ந்துவிட்டது. அப்புறம் துளையை முழு அளவுக்குப் பெரிதாக்குங்கள், அதன்பின் உருவம். ஏற்கெனவே துளை இருக்கும் இடத்தில் சாதாரண பிட் முனைக்குப் பிடிமானம் இருக்காது, தத்தளிக்கும். விளிம்பைப் பிடித்துப் போகும் ஃபோர்ஸ்ட்னர் பிட் அங்கே கைகொடுக்கும். ஆனால் முதல் இரண்டு மி.மீ. மிக மெதுவாக, டெயில்ஸ்டாக்கை நன்றாகப் பூட்டிவிட்டு.

16 ஏப்ரல் 2024

அந்த முட்டைத் துளையை என்ன செய்வீர்கள் என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். இப்போதைக்கு ஒன்றும் செய்யப்போவதில்லை. இன்று காலை தராசில் போட்டேன்: 412 கிராம். கட்டையில் எழுதிவிட்டு அலமாரி மேல் வைத்துவிட்டேன்.

2 ஜூன் 2024

மே 12இலிருந்து 398 கிராமிலேயே நிற்கிறது. இன்று சக்கில் பிடித்து, 28 மி.மீ. பிட்டை 350 சுற்றில் வைத்து, 5 மி.மீ.க்கு ஒருமுறை வெளியே எடுத்துப் போட்டேன். அகலக் குறைவான பக்கத்தில்தான் அதிகம் சீவியது. குப்பி உட்கார்ந்துவிட்டது.

தம்பி நரசிங்கம்பேட்டை போய்வந்துவிட்டாராம். பெரிய பதிவு எழுதிக்கொண்டிருக்கிறேன் என்கிறார். காத்திருக்கிறேன்.